பூவென்று ஒத்துக்கொண்ட சுவர்

இரண்டு சிவப்புகள் ஒன்றுதானா, இல்லையா என்று சொல்வதுதான் குல்ஷனுக்கு வேலை.

ஓசூர் சிப்காட்டில் ஸ்கூட்டரின் வெளிப்பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. அதில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. நான்கு சுவரும் சாம்பல் நிறம், மேஜையும் சாம்பல் நிறம். பார்க்கிறவரின் கண் வேறு எந்த நிறத்தையும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். மேலேயிருந்து ஒரே சீரான வெளிச்சம். பெயிண்ட் ஷாப்பிலிருந்து வரும் பாகத்தை ஒரு கையிலும் மாதிரித் தகட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு குல்ஷன் பார்ப்பாள். சாய்த்துப் பார்ப்பாள். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்ப்பாள். ஒத்துப்போனால் லாரி ஏறும், ஒத்துப்போகாவிட்டால் திரும்பிப் போகும். எண் காட்டும் கருவி ஒன்றும் அங்கே உண்டு. ஆனாலும் கடைசியாக, "கண்ணு என்ன சொல்லுது?" என்றுதான் பெயிண்ட் ஷாப்பில் கேட்பார்கள். கண்ணு என்றால் குல்ஷன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயர் அவளுக்குப் பெருமையாக இருந்தது. போகப்போக அந்தக் கண் வேலை முடிந்தும் ஓயாமல் போனது. கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது, முன்னால் போகும் இரண்டு லாரிகளின் நீலமும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ரம்ஜானுக்குக் கணவன் சமீர் வாங்கி வந்த கறுப்புச் சட்டையையும் கறுப்புப் பேண்ட்டையும் பார்த்து, "ரெண்டும் ஒரே கறுப்பு இல்லீங்க" என்று சொல்லப்போய், அவன் முகம் வாடிவிட்டது. குழம்பில் மிதக்கும் எண்ணெயைக்கூட நேற்றைய குழம்போடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ஒருநாள் தெரிந்தபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் ராயக்கோட்டைக்காரி. அத்தா கௌஸ் மொய்தீனுக்கு அங்கே தக்காளி மண்டி. பிளஸ் டூ முடித்ததும் பெங்களூரில் ஓவியம் படிக்க வேண்டும் என்று கேட்டாள். அத்தா கோபப்படவில்லை. ரயிலேறினால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பக்கூடிய தூரம்தான். ஆனாலும் அவர் தலையை ஆட்டினார். "ஓசூரு தாண்டினா வேற ஸ்டேட்டும்மா. மண்டியில நாலு பேரு கேப்பாங்க, பொண்ணு என்ன படிக்குதுன்னு. படம் போடுதுன்னு சொல்லவா?" கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரியில் வேதியியல் கிடைத்தது. படித்தாள். அந்தப் படிப்புக்குத்தான் இந்த வேலையும் கிடைத்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த சமீருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்லவன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன்.

ஊரடங்கு மாதங்களில் கம்பெனி மூடியிருந்தபோதுதான் குல்ஷன் மறுபடி தூரிகையை எடுத்தாள். கழித்துப் போட்ட ஸ்கூட்டர் தகடுகள் சிலவற்றை முன்பே கேட்டு வாங்கி வந்திருந்தாள். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில் அவற்றைச் சாய்த்து வைத்து வரைந்தாள். மரம், வீடு, முகம் என்று எதையும் வரையவில்லை. ஒரு நிறத்தை வைப்பாள், அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டுவிடுவாள். எதனோடும் ஒத்துப்போக வேண்டியதில்லாத நிறங்கள். மாதிரித் தகடு என்று ஒன்று இல்லாத நிறங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் அவள் கண் ஓய்ந்தது.

மாமியார் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். "உருவம் கிருவம் ஏதும் இல்லையே?"

"இல்ல மாமி."

"அப்ப சரி." அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

சமீர் மட்டும் கேட்டான். "இது என்ன, குல்ஷன்?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ நேரம்?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளும் சிரித்தாள்.

கம்பெனி திறந்தது. மறுபடி சாம்பல் அறை. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. அந்த ஒருநாளுக்காக மற்ற நாட்களைத் தள்ளிவிட முடிந்தது.

தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் ஜெயப்ரியா, கேன்டீனில் குல்ஷனின் போனை வாங்கி எதையோ தேடப்போய் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டாள். "அக்கா, இது நீங்க போட்டதா!" என்று மேஜை மேஜையாகக் காட்டிவிட்டாள். அது நிர்வாக மேனேஜர் ஜெகதீஷ் வரைக்கும் போனது. கம்பெனிக்கு இருபத்தைந்தாம் ஆண்டு வந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டைப் பார்த்த நீளச் சுவர் வெறுமனே கிடந்தது. விளம்பர நோட்டீஸ் ஒட்டுவதும் கிழிப்பதுமாக அசிங்கமாகியிருந்தது.

"பெங்களூர்ல பெரிய பெரிய ஐடி கம்பெனிச் செவுத்துல எல்லாம் இப்படித்தானுங்க போட்டிருக்காங்க. மாடர்னா இருக்கும். நீங்களே போடுங்க" என்றார் ஜெகதீஷ். அவர் கோயம்புத்தூர்க்காரர். எதையும் மரியாதையாகவே சொல்வார். "எது வேணும்னாலும் போடுங்க. உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம் என்று அவளிடம் இதற்கு முன்னால் யாரும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

சுவருக்கு முன்னால் மூங்கில் சாரம் கட்டினார்கள். மூன்று வாரம் அவளுக்குச் சாம்பல் அறையிலிருந்து விடுதலை. வெயிலில் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கை வலிக்க வலிக்க வரைந்தாள். மேலே அகலமாக ஒரு மஞ்சள். கீழேயிருந்து ஏறி வரும் கனத்த சிவப்பு. சிவப்பு எழும்பி எழும்பி மஞ்சளை நெருக்கும். ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் கீழே இறங்கி, சிவப்பைப் பிளந்துகொண்டு, தரை வரைக்கும் வந்துவிடும். அந்த இடத்துக்கு அருகே சிவப்பு மூச்சு விட வேண்டும்போல் தோன்றியதால், மெல்லிய பச்சையில் ஒரு வளைவு போட்டாள். ஏன் மஞ்சள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மஞ்சள் அங்கே வேண்டியிருந்தது. அது தரையைத் தொட்ட அன்றைக்கு, பல வருஷமாக நெஞ்சுக்குள் மடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று நிமிர்ந்ததுபோல் இருந்தது.

லாரிகளுக்குக் காவல் இருந்தவர் சென்னப்பன். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர். தெலுங்கு வீட்டில், கன்னடம் சந்தையில், தமிழ் வேலையில் என்று மூன்றும் கலந்து பேசுவார். அவர் நாற்காலி, சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனி லாரிகள் நிற்கும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி கிடக்கும். தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி கேட்பார். "எப்பம்மா முடியும்?"

கடைசி நாளும் கேட்டார். "முடிஞ்சிடுச்சுண்ணா" என்றாள்.

அவர் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். "ஆயிதா? சரிம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆண்டு விழாவில் எல்லோரும் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதலாளி சால்வை போட்டார். சமீர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான்.

பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அது காவிரித் தண்ணீர்ப் பேச்சு மறுபடி சூடாகியிருந்த செப்டம்பர். எல்லைக்கு அந்தப் பக்கம் பந்த், இந்தப் பக்கம் மறியல். எல்லையோரத்து ஜுஜுவாடியோடு பஸ்கள் நின்றுவிடும், ஜனங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து எல்லையைக் கடப்பார்கள். அப்படி நடந்து போன யாரோ ஒருவர் சுவரைப் போனில் எடுத்து வெளியிட்டார். மேலே மஞ்சள், கீழே சிவப்பு. "தமிழ்நாட்டு மண்ணில் அடுத்த மாநிலத்துக் கொடி!"

ஒரே நாளில் ஓசூர் முழுக்கப் பரவியது. அந்தப் பக்கத்திலிருந்தும் கன்னட வாலிபர்கள் சிலர் பைக்கில் வந்து, சுவருக்கு முன்னால் மஞ்சள் சிவப்புத் துண்டை உயர்த்திப் பிடித்துச் செல்ஃபி எடுத்து, நன்றி என்று போட்டுவிட்டார்கள். திட்டியவர்களைவிட இந்த நன்றிதான் பெரிய வினையாகிப்போனது. மறுநாள் ஒரு அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து கம்பெனி கேட்டில் நின்றுவிட்டார்கள்.

அந்தக் கொடியைக் குல்ஷன் பார்க்காதவள் அல்ல. எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனால் ஆட்டோ ஆட்டோவுக்கு அதுதான். ஆனால் வரையும்போது அது அவள் நினைப்பிலேயே வரவில்லை. காரணம் அவள் கண்தான். கொடியின் மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அவளுடையது பச்சைப் பக்கம் சாய்ந்தது. அவளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஜெகதீஷ் கேபினுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வெளியே கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னங்க, குல்ஷன்? எனக்கு மட்டுமாவது சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல சார். மஞ்சளு, செவப்பு."

"அதத்தானுங்க அவங்களும் சொல்றாங்க!"

"சார், அந்தக் கொடியோட மஞ்சள் வேற சார். பக்கத்துல வச்சுப் பாத்தா தெரியும்."

அவர் அவளையே பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. "கேட்டுல நிக்கிறவங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா உங்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், லைட்டுக்குக் கீழ நிறுத்திக் காட்ட முடியுங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"அர்த்தம் இல்லைன்னு நீங்க சொன்னா, அவங்க சொல்றதே அர்த்தமாயிடும். காலி எடத்த விட்டு வச்சா யாராச்சும் வந்து உக்காந்துக்குவாங்க. ஒண்ணு, நாளைக்கே வெள்ளை அடிச்சுடணும். இல்லாட்டி இது இன்னதுன்னு ஒண்ணைச் சொல்லணும்." அவர் பார்வை மேஜைக்குப் பின்னாலிருந்த சாமி படத்துக்குப் போனது. அதில் அன்றைய மாலை தொங்கியது. செண்டுமல்லியும் ரோஜாவும் கோத்த மாலை. அவர் மெல்ல எழுந்தார். "பூ. நம்ம ஓசூர்ப் பூவுங்க. கீழ பாகலூர்ப் பக்கத்து ரோஜா, மேல செண்டுமல்லி. ஆமா, உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"பூந்தோட்டம் சார்" என்றாள், வேறு வழியில்லாமல்.

"அப்புறம் என்னங்க!" அன்று முழுதும் சுருங்கிக் கிடந்த அவர் முகம் விரிந்தது.

ஒருநாள் டைம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமீர் கடையைச் சாயங்காலமே அடைத்துவிட்டு வந்திருந்தான். போனை நீட்டினான். சுவரிலிருந்த பச்சை வளைவைச் சுற்றி யாரோ வட்டம் போட்டு, அதைப் பிறை என்று எழுதி, பக்கத்திலேயே அவள் பெயரையும் எழுதியிருந்தார்கள். குல்ஷன் என்று மட்டும் அல்ல, கணவன் பெயரோடு, கடை இருக்கும் தெருவோடு.

"அந்தப் பச்ச எதுக்குப் போட்ட?"

"செவப்பு ரொம்ப அழுத்துச்சுங்க. மூச்சு விடணும்னு போட்டேன்."

அதை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது என்பது சொல்லும்போதே இருவருக்கும் தெரிந்தது. மாமியார் உள்ளே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார், இவர்கள் பேச்சு காதில் விழாததுபோல.

"பூன்னு சொல்லிடு குல்ஷன்" என்றான் சமீர். அவன் குரல் நடுங்கியது. "பூவ யாரும் அடிக்க வர மாட்டாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இவன் பயப்படுவதில் தப்பில்லை. ஜெகதீஷ் கேட்டதிலும் பெரிய தப்பில்லை. தப்பான ஆள் என்று ஒருவன் எதிரில் நின்றிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வெள்ளை அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தாள். அந்த மஞ்சள் தரையைத் தொடும் இடத்தின்மேல் சுண்ணாம்பு மட்டையை இழுப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சுவர் இருக்கட்டும், வாய் பொய் சொல்லட்டும் என்று முடிவெடுத்தாள். ஒரு வார்த்தைதானே.

மறுநாள் சுவருக்கு முன்னால் நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். "இது எங்க ஓசூரோட பூந்தோட்டம்" என்று அவள் சொன்னாள். "மேல இருக்கிறது செண்டுமல்லி. கீழ ரோஜா. அந்தப் பச்சை, இலை." கேட்டில் நின்றவர்களின் தலைவர் போலிருந்தவர் முழுதும் கேட்டார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். "ஆமாண்டா, பூதான்" என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி?" உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். போகும்போது பெண்கள் சிலர் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரத்தில் பெயர்ப்பலகை வந்தது. "மலர் நிலம்." பூ விவசாயிகள் சங்கம் ஒன்று அவளைக் கூப்பிட்டு மாலை போட்டது. தனியார் பள்ளி ஒன்று வாசலில் ரோஜா வரைந்து தரக் கேட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் லிஃப்ட் பக்கத்தில் செண்டுமல்லி கேட்டார்கள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் சமீரின் கடைக்கு வருகிறவர்கள், "பூ வரையற அக்கா வூட்டுக்காரரா நீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சிரிப்பு அந்தத் தெருவில் அவனுக்கு ஒரு காவல்போல இருந்தது. அதை எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஜெகதீஷ் மறுபடி கூப்பிட்டார்.

"ரோட்டுல வேகமாப் போறவங்களுக்குப் பூன்னு சட்டுனு தெரியலியாமுங்க. கீழ ஒரு நாலு இதழ் போட்டுவிட்டா நல்லாருக்கும்."

"அப்ப அது வேற மாதிரி ஆயிடும் சார்."

"எது வேற மாதிரி ஆயிடும்?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். "பூவுல இதழ் போட்டா என்னங்க வேற மாதிரி ஆகும்?"

அவள் சொன்ன பொய்க்குள்ளேயே அவள் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வர வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட், கோஷம், வட்டம் போட்ட படம், சமீரின் நடுங்கும் குரல். நான்கு இதழ் போட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் என்றார்கள். சிவப்பின் இடது பாதி ரோஜாக்களாக ஆனது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ஒருநாள் காலை, கம்பெனி பஸ் சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போது குல்ஷன் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். சுவரின் வலது பாதியில் அவள் இன்னும் இதழ் எதுவும் போடவில்லை. வெறும் சிவப்புதான். ஆனால் அங்கேயும் ரோஜா தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தாள். ரோஜா. மஞ்சளைப் பார்த்தாள். செண்டுமல்லிக் காடு. ஆயிரம் சிவப்புகளைப் பிரித்துப் பார்த்த கண். தான் வரைந்த சிவப்பு வெறும் சிவப்பாக அதற்குத் தெரியவில்லை. அன்று முழுதும் சாம்பல் அறையில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு தகட்டை நான்கு தடவை பார்த்தும் சொல்ல முடியாமல், கருவி காட்டிய எண்ணையே சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை எந்த அழைப்பையும் ஏற்காமல் வீட்டிலேயே இருந்தாள். பின்பக்கம் போய், புதுத் தகடு ஒன்றை வைத்து, நீலமும் சாம்பலும் மட்டும் எடுத்துக்கொண்டாள். பூவில் இல்லாத நிறங்களாகப் பார்த்து எடுத்தாள். மத்தியானம் வரைக்கும் வேலை செய்தாள். சமீர் தேநீரோடு வந்தான். அவளை மறுபடி அந்த இடத்தில் பார்த்ததில் அவனுக்குச் சந்தோஷம். குனிந்து பார்த்து, அன்பாகத்தான் கேட்டான்.

"இது என்ன பூ?"

அவள் தகட்டைப் பார்த்தாள். நீலத்தின் ஓரத்தில் ஒரு காம்பு இருந்தது. அவள் வரையாத காம்பு. ஆனால் இருந்தது.

தூரிகையைக் கழுவி வைத்தாள். அதற்கப்புறம் வெகுநாள் எடுக்கவில்லை.

"ஏன் விட்டுட்ட?" என்று சமீர் இரண்டு தடவை கேட்டான். "கை வலிங்க" என்றாள். அவன் தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டான். அந்தத் தைல வாசனையோடு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கோடை வந்தது. ஒருநாள் கம்பெனி பஸ் வாசலிலேயே பழுதாகி நின்றுவிட்டது. வேறு பஸ் வரும் வரைக்கும் எல்லோரும் சாலையோரம் நிற்க வேண்டியிருந்தது. வெயில் தாங்காமல் குல்ஷன் சென்னப்பனின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றாள். அவர் தன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

"மாங்காய் எப்படிண்ணா இந்த வருஷம்?"

"பூ பூத்துச்சு, கொட்டிடுச்சு. அவ்ளோதாம்மா." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியே?"

"சொல்லுங்கண்ணா."

"மொத போட்டிருந்தியே, பூ இல்லாம. அதுவே நல்லா இருந்துச்சும்மா."

குல்ஷன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏண்ணா?"

"நானு காலைல வந்து உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் இதத்தான பாக்கணும். வேற எதப் பாத்தாலும் ஏதாச்சும் நெனப்பு வரும். லாரியப் பாத்தா மவன் நெனப்பு, அவன் லாரிலதான் போறான். மரத்தப் பாத்தா தோப்பு நெனப்பு. இப்ப இந்த ரோஜாப்பூவப் பாத்தா, செத்துப்போனவ கொண்டைல வச்சிருந்தாளேன்னு அது வருது. அப்ப அதப் பாத்தா ஒண்ணுமே வராது. மஞ்சளாத் தெரியும். செவப்பாத் தெரியும். அதப் பாத்துக்கினே இருப்பேன்." அவர் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. தலைல இருந்து மூட்டைய எறக்கி வச்ச மாதிரி."

குல்ஷன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று அவர் நினைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"இப்ப எங்கயாவது அப்படித் தெரியுதாண்ணா? கொஞ்சமாவது?"

அவர் கையை நீட்டினார். மஞ்சள் சிவப்பைப் பிளந்து தரைக்கு இறங்கும் அந்த இடம். அங்கே இன்னும் யாரும் இதழ் கேட்கவில்லை. "அந்தா, அங்க மட்டும்."

அவர் விரல் காட்டிய திசையில் அவளும் பார்த்தாள். அவளுக்கு அப்போதும் செண்டுமல்லிதான் தெரிந்தது. ஆனால் வேறொருவர் கண்ணில் அது இன்னும் மஞ்சளாக இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு விழாவுக்குச் சுவரைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். மறுபடி சாரம் கட்டினார்கள். வலது பாதி முழுக்க ரோஜா, மேலே செண்டுமல்லியை இன்னும் தெளிவாக, நடுவில் இறங்கும் மஞ்சளில் ஒரு பெரிய பூங்கொத்து. ஜெகதீஷ் கையாலேயே காட்டிச் சொன்னார். குல்ஷன் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மற்ற இடங்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டாள். மும்முரமாக, ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்துப்போகும் ரோஜாக்கள் வரைந்தாள். வந்து பார்த்த முதலாளி அசந்துபோனார். விழாவுக்கு முந்தின நாள் ஜெகதீஷ் சாரத்துக்குக் கீழே வந்து நின்றார்.

"அந்த எடம் அப்படியே நிக்குதுங்களே?"

"அந்தப் பெயிண்ட் தீந்துடுச்சு சார்" என்றாள் மேலேயிருந்து.

"வேற வாங்கி வரச் சொல்லட்டுங்களா?"

"கடையில கிடைக்காது சார். நான்தான் கலக்கணும். கலந்தா ஷேட் மாறிடும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மஞ்சள் வந்தா அசிங்கமா இருக்கும்."

இந்தப் பேச்சில் அவளோடு வாதாட அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. ஜெகதீஷ் கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தார். "காலியா இருக்குற மாதிரி இருக்குதுங்க" என்றார். "சரி விடுங்க, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

பெயிண்ட் தீரவில்லை. டப்பா அவள் காலடியில்தான் இருந்தது. மூடியை அழுத்தி மூடிவிட்டுக் கீழே இறங்கினாள். எதிர்ப்பக்கம் சென்னப்பன் விழாவுக்கு வரும் வண்டிகளுக்கு இடம் பிரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இன்றும் குல்ஷன் அதே சாம்பல் அறையில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டால் ரோஜா போட்டுக் கொடுக்கிறாள். வீட்டின் பின்பக்கத்தில் தகடுகள் அடுக்கிக் கிடக்கின்றன. காலையில் பஸ் சர்வீஸ் ரோட்டில் திரும்பும் இடத்துக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்கிறாள். வண்டி வளைந்ததும் சட்டென்று திறந்து, வேறெதையும் பார்க்காமல் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கிறாள். பல நாள் பூக்காடு முந்திக்கொள்கிறது. சில நாள், ரோஜாக்கள் வந்து சேர்வதற்கு முன்னால், ஒரு நொடி, அங்கே மஞ்சள் இருக்கிறது.